தேவை ஊறும் காலம்

ஊர் படுத்துவிட்டது என்பதை நகராட்சி கண்டுபிடித்தது, பஸ் நிலையத்தை அதுவே புறவழிச்சாலைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆறு வருஷம் ஆன பிறகு. கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கலை பண்பாட்டுப் புத்துயிர்ப்புப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு ஓர் இயக்குநர், ஓர் உதவி இயக்குநர், ஒரு கணக்கெடுப்பாளர். மேஜைகள் வந்தன. மேஜைமேல் போடக் கண்ணாடி வந்தது. கண்ணாடிக்கு அடியில் வைக்க, வேறு ஊர்களில் கட்டிய கலைக்கூடங்களின் படங்கள் வந்தன.

பழைய பஸ் நிலையத்தில் மிச்சமிருந்தது நேரக்காப்பாளரின் கட்டடம் ஒன்றுதான். முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை. முன்னறையை நகராட்சி ஓர் இஸ்திரிக் கடைக்கு விட்டிருந்தது. கடைக்காரியை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. அவள் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு வருஷம் பக்கவாதம் வந்தது. கையும் காலும் பிழைத்துக்கொண்டன. பேச்சு போய்விட்டது.

டாக்டர் ஒரு தாளில் மூளையை வரைந்து காட்டினார். முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது.

"பேச்சுக்கு இங்க ஒரு இடம், ராகத்துக்கு அங்க ஒரு இடம். இவருக்குப் பேச்சுப் பக்கம் அடி. ராகம் தப்பிச்சிருக்கலாம். பாட வச்சுப் பாருங்கம்மா. ஏதாவது வந்துச்சுன்னா விட்டுடாதீங்க. தினமும் வேணும். விட்டா அதுவும் போயிடும்."

அவள் வீட்டில் தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடிப் பார்த்தாள். போன வருஷத்து நாட்காட்டியைப் பார்ப்பதுபோல அவர் அவளைப் பார்த்தார். நான்கு மாதம் அப்படியே போயிற்று.

ஒரு நாள் சாயங்காலம் மின்சாரம் போய்விட்டது. துணி வாங்க வந்த பதினொரு பேர் பின்னறையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அது பஸ் பயணிகள் காத்திருந்த அறை. பழைய பெஞ்சுகள் இரண்டு வரிசையாக, நடுவில் ஒரு ஆள் போகும் வழி விட்டுப் போட்டிருந்தன. மூலையில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் எழுந்தார். நடுவழியில் நின்றார். பெஞ்சின் முதுகுக் கம்பியில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"நூற்பாலை வாசேல், வாசேல், வாசேல்... இறங்கறவங்க முன்னாடி வா."

பிறகு தண்ணித்தொட்டி. பிறகு கோர்ட்டு. பழைய ஆஸ்பத்திரி, மரக்கடை, பாலத்தடி, ரெண்டாம் கேட்டு. அவர் பஸ்ஸில் கூப்பிட்ட அதே இழுப்பு, அதே தாளம். இருபத்திரண்டு நிறுத்தங்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசியில், "பணிமனே... வண்டி இத்தோட நிக்குது. பாத்து இறங்கு, பாத்து இறங்கு" என்று முடித்துவிட்டு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். மறுபடியும் ஊமை.

ஐஸ் ஃபேக்டரிப் பக்கம் சலூன் வைத்திருப்பவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அண்ணன் டிக்கெட் குடுக்க மறந்துட்டாரு. செக்கிங் வந்தா மாட்டிக்குவோம்."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைத்தது யாருடைய சட்டையிலோ. அதை அவள் மறுபடி இஸ்திரி போட வேண்டியதாயிற்று.

மறுநாளிலிருந்து, துணியில் குத்தும் நம்பர் சீட்டுப் புத்தகம் ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். அவர் கட்டைவிரலால் நெம்பிக் கிழித்து ஆளுக்கொன்று கொடுப்பார். வீட்டில் அவளை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் ஒரு நிறுத்தத்தைக்கூடக் கூப்பிட முடியவில்லை. ஆள் வேண்டும். வரிசை வேண்டும். அதனால் ஆட்கள் வந்தார்கள். துணி இல்லாதவர்களும் வந்தார்கள். போகப் போக அதற்கு ஒரு முறை உண்டாயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறுத்தம். தன் நிறுத்தம் வந்ததும் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். பாடி முடித்தால்தான் வண்டி நகரும். பணிமனை வருவதற்குமுன் யாரும் வெளியே போகக் கூடாது. கோர்ட்டு நிறுத்தத்தில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் எழுவார், சுருதி பிசகாமல். ஐஸ் ஃபேக்டரியில் சலூன்காரர். அவருக்கு ஒரே பாட்டில் முதல் இரண்டு வரிதான் தெரியும். அதையே மூன்று வருஷமாகப் பாடினார்.

மொத்தம் பதினான்கு பேர். இதை யாரும் கலை என்று சொன்னதில்லை. "அக்கா கடைக்குப் போயிட்டு வரேன்" என்பார்கள்.

இந்தச் சமயத்தில்தான் கணக்கெடுப்பாளர் வந்தார். நடுவயதுக்காரர், மரியாதையானவர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஏழாம் எண் படிவம், காலில் மூன்று மாத நடை.

"ஊர்ல ஒரு கலைக்கூடம் வேணும்னு நினைக்கிறீங்களாம்மா?"

"யாருங்க நினைக்கிறா?"

"நீங்கதாம்மா. நினைக்கிறீங்களான்னு கேக்குறேன்."

"எங்களுக்கு எதுக்குங்க? எங்ககிட்டதான் இருக்கே."

அவர் எடுத்த பேனாவை மறுபடி மூடினார். இந்தப் பதிலை அவர் இதுவரை கேட்டதில்லை. ஆயிரத்து எண்ணூறு வீட்டில் ஏறி இறங்கியிருந்தார். ஊர் மறுபடி உயிர் பெற என்ன வேண்டும் என்பது கேள்வி. நாடகம், நடனம், இசை, ஓவியம், மற்றவை என்று ஐந்து கட்டங்கள். ஆயிரத்து எண்ணூறு வீட்டிலும் மற்றவையில் எழுதச் சொன்னார்கள். எழுதச் சொன்னது பஸ். படிவங்கள் மேலே போய்த் திரும்பி வந்தன. 'பஸ் கலை வடிவங்களில் சேராது. மீண்டும் கேட்கவும்' என்று இயக்குநர் சிவப்பு மையில் குறித்திருந்தார்.

"என்னம்மா இருக்கு உங்ககிட்ட?"

அக்காவுக்கு யாரிடமும் பெருமை பேசிப் பழக்கமில்லை. ஆனால் ஓர் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து இப்படிக் கேட்டதும் மனம் பூரித்துவிட்டது. அவருடைய கசங்கிய சட்டையை வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுத்து, சாயங்காலம் வரை இருக்கச் சொன்னாள். சாயங்காலம் பின்னறையில் அவருக்கு ரெண்டாம் கேட்டு நிறுத்தத்தைக் கொடுத்தார்கள். அவர் பாட வெட்கப்பட்டார். ஆனால் தன் போனில் கண்டக்டரின் குரலை முழுதும் பதிவுசெய்துகொண்டார். பணிமனை வந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"மாதிரிக்கு வேணும்மா, அதான்" என்றார்.

போகும்போது படிவத்தில் உண்மையை எழுதினார். விரும்புவோர் பதினான்கு. இருக்கும் இடம் ஒன்று, அமர்வோர் பதினான்கு.

ஒரு வாரத்தில் அக்காவுக்குக் கடிதம் வந்தது. புத்துயிர்ப்புப் பிரிவில் தேவை உறுதிப்பாட்டுக் கூட்டத்துக்கு வரவும்.

இயக்குநர் அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் எழுதினார். தேவை என்றால் விருப்பத்திலிருந்து இருப்பைக் கழித்தது.

"அம்மா, உங்களால ஒரு சின்னச் சிக்கல். இந்த ஊர்ல கலை மேல விருப்பம் இருக்குறவங்க பதினாலு பேர்தான். மத்த எல்லாரும் பஸ். அந்தப் பதினாலு பேருக்கும் நீங்க ஏற்கனவே இடம் குடுத்துட்டீங்க. பதினாலுல பதினாலு போனா?"

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்ல. அதை வச்சுக்கிட்டு நான் மேலிடத்துல போய்க் கட்டடம் கேக்க முடியுமா?"

"அப்பக் கட்டடம் வேணாமேங்க."

இயக்குநர் அவளைப் பரிவோடு பார்த்தார்.

"கட்டடம் உங்களுக்காக இல்லம்மா. ஊருக்காக. வேற ஒரு ஊர்ல இப்படித்தான், செத்துக் கிடந்துச்சு. கலைக்கூடம் கட்டினாங்க. அடுத்த மாசமே அங்க எல்லாரும் வெளியில மேஜை போட்டு காபி குடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் படத்தைப் பாத்திருக்கேன்."

"எல்லாரும் பஸ் கேட்டாங்கன்னு சொன்னாங்களே."

"பஸ் விட்டா என்னம்மா ஆகும்? ஜனங்க ஏறி வெளிய போயிடுவாங்க. கலைக்கூடம் கட்டினா வெளியிலேர்ந்து ஜனங்க உள்ள வருவாங்க."

"எதுலங்க வருவாங்க?"

உதவி இயக்குநர் இருமினார். இயக்குநர் பலகையைத் துடைத்தார்.

"விஷயத்துக்கு வருவோம். மக்களுக்கு என்ன தேவைன்னு மக்களுக்கே தெரியாது. நாமதான் அதைக் கண்டுபிடிச்சு, வளத்து, அளந்து, அப்புறம் நிறைவேத்தணும். இப்ப உங்க தேவை முளைக்கும்போதே நிறைவேறிப் போயிடுது. வளரவே விடமாட்டேங்கிறீங்க. உங்களுக்குத் தெரியாததா? துணிய ஊறப்போடாமத் துவைக்க முடியுமா? தேவையையும் ஊறப்போடணும். தொண்ணூறு நாள். பின்னறைய நாங்க பூட்டி வைக்கிறோம். அதுவரைக்கும் அந்தப் பதினாலு பேரும் எங்கயும் கூடிப் பாடக் கூடாது."

"ஐயா, எங்க வீட்டுக்காரருக்குத் தினமும் வேணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. விட்டாப் போயிடுமாம்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. உதவி இயக்குநர் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்குங்க. தேவைன்னா இதுதான் தேவை."

அவள் கைகூப்பியபடி நின்றாள். அறை நகராட்சியுடையது. முன்னறையும்தான். இயக்குநர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"கூடம் வந்ததும் முதல் வரிசை அவருக்குத்தாம்மா. எழுத்திலயே தரேன்."

எழுத்தில் தந்தார். முத்திரையும் வைத்தார். மறுநாள் பின்னறைக்குப் பூட்டுப் போட்டு, பூட்டின்மேல் காகிதம் ஒட்டினார்கள். 'தேவை ஊறும் காலம். நாள் 1.' தினமும் காலையில் ஓர் ஆள் வந்து எண்ணை மாற்றிவிட்டுப் போனான்.

வாரம் ஒருமுறை ஏக்க அளவீடு நடந்தது. கணக்கெடுப்பாளர் பதினான்கு பேரையும் தனித்தனியாகப் பார்த்து, பாட முடியாத ஏக்கம் ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டார். கணக்கு டீச்சர் ஏழேகால் என்றார். படிவம் கால் அரை ஏற்காது என்றார் கணக்கெடுப்பாளர். ஏக்கத்தை அப்படி முழுசாக்கினால் விடை பிழையாகும் என்றார் டீச்சர். அரை மணி நேரம் வாதாடி, கோபத்தில் அது எட்டாயிற்று.

கண்டக்டரிடமும் கேட்டாக வேண்டும். கேட்டார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். விதிப்படி ஏழு நிமிஷம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தார். பிறகு குறிப்பேட்டைப் புரட்டினார். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று அதில் இருந்தது. 'சொல்லி மாளாத ஏக்கம் எனக் கொள்க. மதிப்பு: பத்து.'

அடுத்த வாரமே கண்டக்டருக்கு ஒரு சான்றிதழ் வந்தது. ஊரின் முதன்மைத் தேவையாளர். கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

அக்கா வேறொரு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலமானால் வீட்டில் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போடுவாள். நான்கு நாற்காலி, இரண்டு முக்காலி, கவிழ்த்த வாளிகள் இரண்டு. இஸ்திரி போட்ட சட்டைகளை அவற்றின்மேல் மாட்டி, விறைப்பாக நிற்கும்படி கழுத்துப் பித்தான் வரை போட்டுவிடுவாள். முதல் நாள் கண்டக்டர் அந்தச் சட்டைகளை வெகு நேரம் பார்த்தார். ஒரு சட்டையின் தோள் சரிந்திருந்தது. அதை நிமிர்த்தினார். பிறகு நடுவில் நின்று தட்டினார்.

"நூற்பாலை வாசேல், வாசேல்..."

பத்தொன்பது வந்தது. பாலத்தடியும் ரேடியோ நிலையமும் இன்னொன்றும் வரவில்லை. சட்டைகள் எழுந்து பாடுவதில்லை. ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அவர் யாருக்காகவோ காத்து நிற்பார். யாரும் எழவில்லை என்றதும் அடுத்த பெயரும் தடுமாறும். மூன்றாம் வாரம் பதினாறு. ஐந்தாம் வாரம் பதினான்கு. அக்கா பூட்டின்மேல் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டாள். நாள் 40. இன்னும் ஐம்பது. தாங்கிவிடுவார் என்று நினைத்தாள்.

நாற்பத்தோராம் நாள் உதவி இயக்குநர் சலூனில் முடி வெட்டிக்கொண்டார். கழுத்தில் துண்டைக் கட்டும்போது சலூன்காரர் தன்னையறியாமல் எதையோ முனகினார். மறுநாள் அவருக்கு நோட்டீஸ் வந்தது. அனுமதியற்ற மனநிறைவு. கூட்டு ஏக்கத்தில் ஒருவர் நிறைவடைந்தாலும் மொத்தமும் கலங்கும் என்பதால், தொண்ணூறு நாள் முதலிலிருந்து தொடங்கும். பூட்டின்மேல் மறுபடி 'நாள் 1.'

சலூன்காரர் கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"என்னைச் செருப்பால அடிங்கக்கா."

"எந்தப் பாட்டு?"

"அதேதாங்க்கா. அதே ரெண்டு வரி."

"மிச்சத்த எப்பத்தான்பா கத்துக்கப் போற" என்றாள் அக்கா. இஸ்திரிப்பெட்டியை எடுத்து, ஏற்கனவே தேய்த்த துணியைத் தேய்த்தாள்.

இரண்டாம் தடவை கணக்கு டீச்சர். பல் பிடுங்கும் இடத்தில் காத்திருந்தபோது விரலால் நாற்காலியில் தாளம் போட்டாராம். பாட்டு இல்லை, தாளம் மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்தார். தாளம் கலையின் பகுதியே என்று பதில் வந்தது. நாள் 1.

மூன்றாம் தடவை வெளியாள் யாருமில்லை. அலுவலக மாடிப்படியில் கணக்கெடுப்பாளரே "மரக்கடே, மரக்கடே" என்று முனகிக்கொண்டு இறங்குவதை உதவி இயக்குநர் கேட்டுவிட்டார். அவர்மேல் விசாரணை வந்தது. போனில் இருந்த மாதிரிப் பதிவை அடிக்கடி போட்டுக் கேட்டதாக ஒப்புக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "நல்லா இருந்துச்சு சார்" என்றார். பதிவை அலுவலகச் சொத்தாகப் பறிமுதல் செய்தார்கள். நாள் 1.

அக்கா இயக்குநரைப் பார்க்கப் போனாள். இரண்டு நாள் உட்கார்ந்து மூன்றாம் நாள் பார்த்தாள்.

"ஐயா, ஒரே ஒரு நாள் கதவைத் திறந்து விடுங்க. பெஞ்சுல நாலு பேர் உக்காந்தாப் போதும். அவரு ஒம்பதுல நிக்கிறாரு."

இயக்குநர் துணுக்குற்றுக் கோப்பைப் புரட்டினார்.

"ஒன்பதா? எங்க பதிவுல பத்துன்னுல்ல இருக்கு. பத்துக்குக் கீழ போக விட்டுடாதீங்கம்மா. மேலிடத்துல அவரோட பத்தைத்தான் காட்டியிருக்கேன்."

நான்காம் தடவை தொண்ணூறு நாளும் முழுதாக ஊறி முடிந்தன. தேவை உறுதியாயிற்று. நேரக்காப்பாளரின் கட்டடத்தை இடித்த இடத்தில்தான் கூடம் கட்டினார்கள், ஏனென்றால் தேவை உருவான இடம் அதுதான். அக்கா இஸ்திரி மேஜையை வீட்டுக்குத் தூக்கிப் போனாள். கட்டி முடிய ஒரு வருஷமும் சில மாதங்களும் ஆயின. அந்த நாட்களில் நிறுத்தங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஆறு. மூன்று. கோர்ட்டு மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அவர்கள் வீட்டு வாசலில் இரண்டு படிகள். துணிமூட்டையோடு அக்கா வெளியே போகக் காலை வைத்தால், உள்ளேயிருந்து அந்த இழுப்பு வரும். "பாத்து இறங்கு, பாத்து இறங்கு."

அவள் சில நாள் மூட்டையே இல்லாமல் படியில் இறங்கினாள். ஏறினாள். இறங்கினாள்.

திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. முதல் வரிசை என்று எழுதிய கடிதத்தை அக்கா எடுத்துக்கொண்டாள். அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, காலரை விறைப்பாக்கி, பையில் ஒரு பேனாவும் செருகினாள். கண்டக்டர் என்றால் பையில் பேனா வேண்டும்.

கூடம் வெள்ளையாக இருந்தது. உயரமாக இருந்தது. வெளியே மேஜைகள் போட்டிருந்தார்கள். காபி இல்லை. மேலிடத்திலிருந்து வந்த விருந்தினர்கள் எட்டுப் பேர். இயக்குநர் பேசினார்.

"இந்த ஊருக்கு ஒரு குரல் இருந்தது. அது யாருக்கும் கேட்காமல் ஒரு இருட்டறையில் கிடந்தது. இன்று நாம் அதை வெளியே எடுத்திருக்கிறோம். இனி அதை யாரும் எப்போது வேண்டுமானாலும், திங்கள் தவிர, பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை கேட்கலாம்."

முதல் வரிசை என்று எதுவும் இல்லை. அந்த மாதிரிக் கூடங்களில் உட்கார மாட்டார்களாம். நடந்து பார்ப்பார்களாம். நடு மண்டபத்தில், கண்ணாடித் தடுப்புக்குள், பின்னறையின் பெஞ்சுகள் இரண்டு வரிசையாக இருந்தன. நடுவில் அதே வழி. தொடக் கூடாது, அமைதி காக்கவும் என்று இரண்டு பலகைகள். தடுப்பின் ஓரத்தில் நீலச் சீருடையில் ஒரு காவலாளி. சலூன்காரர். பஸ் போன பின் முடி வெட்டிக்கொள்ள ஆள் வருவதில்லை என்று வேலைக்குச் சேர்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

விளக்குகள் மங்கின. மேலேயிருந்து இரண்டு தட்டுச் சத்தம் வந்தது, விரல் முட்டியால் கம்பியில் தட்டுவது. பிறகு அவர் குரல்.

"நூற்பாலை வாசேல், வாசேல், வாசேல்..."

அவள் பிடித்திருந்த கை விறைத்தது. கண்டக்டர் நிமிர்ந்தார். மேலே பார்த்தார், பிறகு பெஞ்சுகளைப் பார்த்தார், பிறகு பெஞ்சுகளைச் சுற்றி வரிசையாக நின்ற மனிதர்களைப் பார்த்தார். மூன்று அடி முன்னால் போய்க் கண்ணாடியில் தட்டினார்.

"கோர்ட்டு, கோர்ட்டே... கோர்ட்டு இறங்கறவங்க முன்னாடி வா."

பழைய ஆஸ்பத்திரி. மரக்கடை. குரலும் குரலும் ஒன்றாகப் போயின. பாலத்தடி. ஒரு வருஷத்துக்கும் மேலாக இல்லாத பாலத்தடி. அவள் புடவை மடிப்புக்குள் விரல் மடக்கி எண்ணினாள். ரெண்டாம் கேட்டு. கூட்டத்தில் கணக்கெடுப்பாளர் தலை குனிந்துகொண்டார். ஐஸ் ஃபேக்டரி. கண்டக்டர் திரும்பி, நீலச் சீருடையைப் பார்த்துச் சிரித்து, வண்டியை நிறுத்தினார். அது சலூன்காரருடைய நிறுத்தம். பாட வேண்டும்.

விருந்தினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இயக்குநரும் சலூன்காரரைப் பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

சலூன்காரர் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே... இங்க சத்தம் போடக் கூடாதுண்ணே."

கண்டக்டர் காத்திருந்தார். இன்னும் சிரித்தபடி.

"பலகை வச்சிருக்காங்கண்ணே. வேணாம்ணே."

மேலே குரல் அவர் இல்லாமல் நகர்ந்து போயிற்று. ரேடியோ நிலையம். வண்டி தன்னை விட்டுவிட்டுப் போவதை அவர் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷத்தில் அவரை விட்டுவிட்டு வண்டி போனதில்லை. ஒரு விருந்தினர் யார் இவர் என்று கேட்டார்.

"எங்க முதன்மைத் தேவையாளர்" என்றார் இயக்குநர். "மக்கள் கலந்துகொள்றதுக்கும் நேரம் ஒதுக்கியிருக்கோம் சார். வியாழன் பதினொரு மணி. முன்பதிவு செஞ்சா போதும்."

குரல் பணிமனைக்குப் போய்ச் சேர்ந்தது. பாத்து இறங்கு, பாத்து இறங்கு. கைதட்டினார்கள்.

வெளியேறும் வழியில் கணக்கெடுப்பாளர் படிவத்தோடு நின்றார். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டே ஆகணும்மா. கடைசித் தடவை." கண்டக்டர் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்க ஏக்கம் இப்ப எவ்வளவு?"

ஏழு நிமிஷம் மூன்று பேரும் நின்றார்கள். கண்டக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கெடுப்பாளர் குறிப்பேட்டைப் புரட்டினார். அது புதிய பதிப்பு. கட்டடம் திறந்த பின் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று அதில் இருந்தது. 'குறை எதுவும் சொல்லவில்லை எனக் கொள்க. மதிப்பு: பூஜ்யம்.' அவர் எழுதினார். பேனா இரண்டு முறை எழுதவில்லை. மூன்றாம் முறை எழுதியது.

அந்த ஆண்டின் அறிக்கையில் அதுதான் முதல் பக்கம். ஊரின் மிக உயர்ந்த தேவை பத்திலிருந்து பூஜ்யத்துக்குக் குறைக்கப்பட்டது. பிற ஊர்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். புறவழிச்சாலையில் இறங்கி நடந்து வந்தார்கள்.

கூடத்தின் வாசலில் மூன்று படிகள். அன்று கிளம்பும்போது அக்கா முதல் படியில் காலை வைத்து நின்றாள். பின்னால் அவர் நிற்பது தெரிந்தது. இரண்டாம் படியில் மெதுவாகக் காலை வைத்தாள். மூன்றாவது. தெருவில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் படிகளைப் பார்த்து, ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் இறங்கி வந்தார்.

வீட்டுப் படியில் அவள் அதன் பிறகு பல நாள் ஏறி இறங்கினாள். மூட்டையோடும், இல்லாமலும்.

ஒரு சாயங்காலம் அவள் மறுபடியும் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டாள். முக்காலிகள், வாளிகள். சட்டைகளை மாட்டிக் கழுத்துப் பித்தான் போட்டாள். முதல் வரிசையில் ஒரு நாற்காலியை மட்டும் காலியாக விட்டிருந்தாள். அவர் வந்து, சட்டைகளைப் பார்த்துவிட்டு, அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் எழுவாரா என்று அவள் காத்திருந்தாள். எழவில்லை. அவள் நடுவில் போய் நின்றாள். நாற்காலி முதுகில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். தனக்கே கூச்சமாக இருந்தது.

கண்டக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும், மேஜையிலிருந்த நம்பர் சீட்டுப் புத்தகத்தை எடுத்து ஒன்று கிழித்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி நம்பரைப் பார்த்து, இரண்டாக மடித்து, சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தார். பையை ஒரு தரம் தட்டிக்கொண்டார். பிறகு, ஜன்னல் ஓரத்தில் இருப்பவர்போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் எங்கே இறங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்லப்போவதில்லை. அதனால் அவள் நூற்பாலை வாசலில் தொடங்கி, ஒன்றையும் விடாமல் கூப்பிட்டாள்.